மேலிடத்தில் கசிவு

ஐம்பது வயது முடிந்த அன்று காலை, பல் விளக்கிக்கொண்டே செங்கல்வராயன் ஒரு முடிவுக்கு வந்தார். அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் சர்பஞ்ச், அதாவது ஊர்த் தலைவர், தான்தான். வாய் நிறைய நுரை இருந்ததால் இந்தச் செய்தியை உடனே வெளியிட முடியவில்லை. கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து பெண்டாட்டியிடம் சொன்னார்.

"சர்பஞ்ச் ஆயி இன்னா மாமா பண்ணப் போற?" என்றாள் பிரமிளா.

"ஊரு முனையில ஒரு ஆர்ச்சு கட்டணும்மே. சிமெண்டுல. மேல என் பேரு."

"அப்பறம்?"

அப்பறம் என்று ஒன்று இருப்பதை அவர் யோசித்திருக்கவில்லை. "அப்பறம் அதுக்குப் பெயிண்ட் அடிக்கணும்," என்றார்.

வேலங்கண்டிகை ஆந்திர எல்லையில், சத்தியவேட்டுக்குப் பக்கத்தில், தமிழும் தெலுங்கும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்கிற ஊர். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை வந்த பிறகு ஊரில் பாதிப் பெண்கள் அங்கே கம்பெனி வேலைக்குப் போனார்கள். அவர்களை ஏற்றி இறக்குகிற வேன் செங்கல்வராயனுடையது. காலையில் ஏற்றிக்கொண்டு போய் விடுவார். சாயங்காலம் கூட்டி வருவார். நடுவில் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, சீட்டைச் சாய்த்துப் போட்டு, நாட்டைப் பற்றிக் கவலைப்படுவார்.

பிரமிளா ஊர் டுவாக்ரா மகளிர் சங்கத்தின் தலைவி. ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பெண். தமிழ் மீடியம் படித்தவள். மெயின் ரோட்டில் இறங்கி ஊருக்குள் நடந்து வரும் பெண்களுக்கு ஒரு தெருவிளக்கு வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. புருஷனிடம் சொன்னபோது, "எறங்கற பொண்ணுங்க கையில போன் கீது. போன்ல லைட்டு கீது. அப்பறம் இன்னாத்துக்கு லைட்டு?" என்று பிரச்சினையை அங்கேயே தீர்த்துவைத்தார்.

"அப்போ நானே சர்பஞ்சுக்கு நின்னா இன்னா?" என்று அவள் கேட்டாள்.

செங்கல்வராயன் அப்போது மோர் குடித்துக்கொண்டிருந்தார். வந்த சிரிப்பில் மோர் மூக்கு வழியாக வந்தது. பிரமிளா துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

ஊர் சீட்டு ஜெனரல் என்று அறிவித்தார்கள். யாரும் நிற்கலாம். நிற்க ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் செங்கல்வராயன். இன்னொருவர் மாட்டுத் தீவனக் கடை சின்னப்பன். இருவரும் ஒரே கட்சி. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அப்போது ஆட்சியில் இருந்த கட்சி. செங்கல்வராயன் வாழ்நாள் முழுவதும் அந்தக் கட்சிதான். ஆட்சி மாறும்போது கட்சிதான் பேரை மாற்றிக்கொள்ளும், அவர் மாறவே மாட்டார். பஞ்சாயத்துத் தேர்தலில் கட்சி கிடையாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் யாரை நிறுத்துவது என்று மண்டலத் தலைவர் ஆதிநாராயணன் சொல்வார். ஆதிநாராயணனுக்கு மேலிடம் சொல்லும். மேலிடம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மேலே என்பது மட்டும் தெரியும்.

இந்த நேரத்தில்தான் கோபிகிருஷ்ணன் பேஸ்புக்கில் எழுத ஆரம்பித்தார்.

கோபிகிருஷ்ணனும் செங்கல்வராயனும் சத்தியவேட்டு ஹைஸ்கூலில் ஒரே பெஞ்சு. தெலுங்கு மீடியம். நாடெங்கும் புதுக் கம்பெனிகள் முளைத்த காலத்தில் கோபிகிருஷ்ணன் சென்னைக்குப் போனார். சின்ன வேலையில் சேர்ந்து, பெரிய வேலைக்கு வந்து, இப்போது கொளத்தூரில் சொந்த ஃபிளாட். அவருடைய மச்சான் விஜயவாடாவில் கட்சி ஆபீசில் வேலை செய்கிறார். அங்கே டைப் அடிக்கிறவர்தான். ஆனால் வேலங்கண்டிகையிலிருந்து பார்க்கும்போது, டைப் அடிக்கிறவரும் ஆட்சி நடத்துகிறவரும் ஒரே உயரத்தில் தெரிவார்கள்.

ஒருநாள் கம்பெனி வாசலில் வண்டிக்குள் படுத்திருந்த செங்கல்வராயனின் போனில் அந்த வாசகம் வந்து விழுந்தது. தமிழில் இருந்தது. அவர் தமிழைப் பேசுவதில் புலி. படிப்பதில் எழுத்துக் கூட்டுகிற புலி. "மே... லி... ட..." என்று கூட்டும்போதே உடம்பு சிலிர்த்தது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் போனைப் பிரமிளாவிடம் நீட்டினார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். "மேலிடத்தில் கசிகிறது. கீழே இருப்பவர்கள் எத்தனை நாள்தான் பொறுத்திருப்பது?"

"லிஸ்டு லீக் ஆயிகீதுமே."

"எந்த லிஸ்டு?"

"கேண்டிடேட் லிஸ்டு. மேலிடத்துல கசிஞ்சிகீது. மச்சான் சொல்லி இவன் எழுதிக்கிறான். கீழ இருக்கிறவன்னா யாரு? நான்தான்."

"போன் போட்டுக் கேளு மாமா. உன்கூடப் படிச்சவருதானே."

"நேராக் கேட்டா, இவனுக்கு அரசியல் தெரியலைன்னு நெனைப்பான்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அது அவனுக்குத் தெரியக் கூடாது இல்ல."

அடுத்த சிக்கல் லைக்கில் வந்தது. லைக் போட்டால் மேலிடத்தை எதிர்க்கிறவன் என்று ஆகிவிடும். போடாவிட்டால் நண்பன் கோபித்துக்கொள்வான். போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். அப்போது பார்த்தால் சின்னப்பன் அங்கே ஏற்கெனவே சிவப்பு இதயம் போட்டிருந்தார். செங்கல்வராயனுக்குச் சோறு இறங்கவில்லை. இதயத்துக்கு மேலே போடுவதற்கு உடம்பில் வேறு என்ன உறுப்பு இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் கும்பிடுகிற இரண்டு கைகளைப் போட்டார்.

அந்த வாரமே இரண்டாவது வாசகம் வந்தது.

"லாரி லாரியாக வருகிறது. யார் வீட்டுக்குப் போகிறது? விரைவில் சொல்வேன்."

பிரமிளா படித்து முடிக்கும் முன்பே செங்கல்வராயனுக்கு வேர்த்தது. அந்தப் பக்கத்தில் லாரி என்றால் திருட்டு மணல். மணல் என்றால் ஆரணியாறு. ஆரணியாறு என்றால் யாரும் வாயைத் திறப்பதில்லை. மாட்டுக்கொட்டகை கட்டியபோது வீட்டு வாசலில் இறங்கிய ஒரு லோடு அவர் நினைவுக்கு வந்தது.

"என்னப் பத்தித்தான் சொல்றான். யார் வீட்டுக்குப் போகுதுன்னு கேக்கறான் பாரு."

"ஒரு லோடு எறக்குனதுக்கா லாரி லாரியான்னு எழுதுவாரு?"

"அரசியல்ல ஒண்ண நூறாத்தான் சொல்வாங்க. உனக்குத் தெரியாது."

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆதிநாராயணனின் உரக்கடைக்குப் போனார். கடையில் விவசாயிகள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். செங்கல்வராயன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அண்ணா, எனக்கும் லாரிக்கும் எந்த சம்பந்தமும் இல்ல."

ஆதிநாராயணன் நிமிர்ந்து பார்த்தார். "ஏ லாரி?"

"எந்த லாரியும். யாராவது வந்து சொன்னா நம்பாதீங்கோ."

விவசாயிகள் உர மூட்டைகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆதிநாராயணனுக்கு லாரிகளோடு என்ன உறவு என்று ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் மெல்ல எழுந்து வந்து, செங்கல்வராயன் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப்போனார்.

"ஏமய்யா, யாரு சொல்லி அனுப்பிச்சாங்க உன்ன? மிரட்டறியா?"

"அய்யோ அண்ணா, நான் என்னப் பத்தித்தான் சொன்னேன்."

"உன்னப் பத்தி யாரு கேட்டாங்க?"

அன்றிலிருந்து ஆதிநாராயணன் அவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். மண்டல ஆபீசில் சின்னப்பனுக்கு மட்டும் டீ வந்தது.

செங்கல்வராயன் இளைத்துப்போனார். வேன் ஓட்டும்போதுகூட மேலிடமும் லாரியும் தலைக்குள் சுற்றின. ஒருநாள் கம்பெனிப் பெண்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற நாயுடுபேட்டை ரோட்டில் பாதி தூரம் போய்விட்டார். சந்திரம்மா என்கிற பெண் பின்சீட்டிலிருந்து, "அண்ணா, இன்னிக்கு எங்களை ஒரேயடியா கல்கத்தாவுக்கா கூட்டினு போற?" என்று கேட்ட பிறகுதான் திருப்பினார்.

கடைசியில் பெண்டாட்டியிடமே வந்து நின்றார். "நீ தமிழ் மீடியம். இவன் எழுதறதுக்கு உள்ள இன்னா அர்த்தம் கீதுன்னு நீதான் பாத்துச் சொல்லணும்."

"யோசிக்கணும் மாமா. பாத்திரம் அப்படியே கெடக்குது."

"நீ யோசி. நான் தேய்க்கிறேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். அவர் தேய்த்தார். மறுநாள் துணி கிடந்தது. அதற்கும் யோசிக்க வேண்டியிருந்தது. இப்படி அவர் பாத்திரமும் துணியும் பார்த்துக்கொள்ள, அவள் அரசியல் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாவது வாசகம் வந்தபோது அவர் கையில் சோப்பு நுரை. துடைத்துக்கொண்டு தானே எழுத்துக் கூட்டினார்.

"ஆண்டவரை போதும். இனி அவள் வரட்டும்."

"ஆண்டவரை..." என்று நிறுத்தினார். "ஏழுமலையான்மே. ஆண்டவரே போதும்னு எழுதிட்டான். அரசியலே வேணாம்னு திருப்பதிக்குப் போறான் போல. அவளும் வரட்டும்னா, பொண்டாட்டியும் கூட வரா."

பிரமிளா போனை வாங்கிப் பார்த்தாள். "நடுவுல எடம் உட மறந்துட்டாரு. ஆண்டவரை இல்ல மாமா. ஆண்ட வரை. இது வரைக்கும் ஆண்டது போதும். இனி அவள் வரட்டும்."

"எவ?"

"பேரு எழுதலையே மாமா. யாரோ பொம்பள."

செங்கல்வராயன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேலிடம், கசிவு, லிஸ்டு எல்லாம் ஒரு கோட்டில் வந்து நின்றன. ஜெனரல் சீட்டாக இருந்தாலும் பெண்ணைத்தான் நிறுத்தப்போகிறார்கள்.

"அப்படி இருக்காது மாமா," என்றாள் பிரமிளா. "அப்படி இருந்தா சின்னப்பனுக்குத் தெரியாம இருக்குமா? ஆனா ஒண்ணு. பொன்னியம்மா நேத்து புத்தூருக்குப் போயி ரெண்டு காட்டன் சேலை எடுத்துகினு வந்துச்சு."

பொன்னியம்மாள் சின்னப்பனின் மனைவி.

"காட்டனா?"

"காட்டன். கஞ்சி போட்டது."

பட்டுச்சேலை என்றால் கல்யாணம். நைலக்ஸ் என்றால் வீடு. கஞ்சி போட்ட காட்டன் எடுத்தால் அது அரசியல்தான். செங்கல்வராயனுக்குப் புரிந்துவிட்டது. சின்னப்பன் முந்திக்கொண்டான். பெண்டாட்டியை நிறுத்திவிட்டு ஐந்து வருஷம் அவன் நாற்காலியில் உட்காரப்போகிறான். மின்னல் மாதிரி அவருக்கு ஒரு திட்டம் தோன்றியது. தன் வாழ்க்கையில் தோன்றிய திட்டங்களிலேயே இதுதான் சிறந்தது என்று அவருக்குப் பட்டது.

"மே, நீ நில்லு."

"எங்க?"

"எலெக்சன்ல. சர்பஞ்சுக்கு."

"ஐயோ, எனக்கு இன்னா மாமா தெரியும்? மூக்குல மோரு வந்தது மறந்துபோச்சா?"

"அது ஜலதோஷம். நீ பேருக்கு நில்லு. கையெழுத்து மட்டும் போடு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"வீட்டு வேல?"

"அதையும் நான் பாத்துக்கறேன்."

"காலையில காப்பி?"

"போட்டுக் குடுக்கறேன்."

"எலெக்சன் முடியற வரைக்குமா, அப்பறமுமா?"

வேகத்தில் அவர் "அப்பறமும்" என்று சொல்லிவிட்டார். அவள் சுவரில் இருந்த ஏழுமலையான் காலண்டரைக் காட்டினாள். அதன் மேல் கைவைத்துச் சத்தியமும் செய்தார். பிரமிளா ரொம்ப நேரம் தயங்கினாள். மனசே இல்லாதவள் போல, "நீ இவ்ளோ கெஞ்சறதால சரி," என்றாள்.

மறுநாள் காலை உரக்கடை திறக்கும் முன்பே அவர் வாசலில் நின்றார். லாரி என்ற சொல்லை எச்சரிக்கையாகத் தவிர்த்தார். "அண்ணா, சின்னப்பன் வீட்ல வேணாம். என் வீட்டுக்காரிய நிறுத்துங்கோ. சங்கத்துப் பொம்பளைங்க ஓட்டெல்லாம் அவளுக்குத்தான். பேருக்கு அவ, வேலைக்கு நான்."

"அவுனு, அவுனு," என்றார் ஆதிநாராயணன். அவ்வளவு சுலபமாக அவர் தலையாட்டியது செங்கல்வராயனுக்கு ஆச்சரியம். போன வாரமே சங்கத்துப் பெண்கள் மொத்தமாக இதே கடைக்கு வந்து, இதே பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பெயரைப் போட்டால் புருஷன்காரன் ரகளை செய்வானே என்பது ஒன்றுதான் ஆதிநாராயணனின் தயக்கம். அந்தப் புருஷன்காரனே இப்போது கைகட்டி நின்று கேட்கிறான். அவர் இதையெல்லாம் சொல்லவில்லை. டீ மட்டும் வரவழைத்தார்.

பிரச்சாரம் அமர்க்களமாக நடந்தது. செங்கல்வராயன் வேனில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். "எனக்கு ஓட்டுப் போடுங்கோ" என்று ஆரம்பித்து, "அதாவது என் வீட்டுக்காரிக்கு" என்று முடித்தார். பிரமிளா மைக் பிடிக்கவில்லை. வீடு வீடாக நடந்து போனாள். மெயின் ரோட்டு விளக்கைப் பற்றி மட்டும் பேசினாள். ஆர்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எதிர்த்து நின்றது பொன்னியம்மாள் அல்ல, சின்னப்பன்தான். கட்சி கைவிட்ட கோபத்தில் தானாக நின்றார். செங்கல்வராயனுக்கு லேசாக நெருடியது. அப்படியென்றால் அந்தக் காட்டன் சேலை எதற்கு? ஜெயித்த சந்தோஷத்தில் அந்த நெருடல் காணாமல் போனது. பிரமிளா பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தாள். சின்னப்பன் வீட்டு ஓட்டே அவருக்கு முழுசாக விழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பதவி ஏற்கும் நாளன்று பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் ஷாமியானா போட்டிருந்தது. செங்கல்வராயன் புது வேட்டி, புதுச் சட்டை. சர்பஞ்ச் நாற்காலியை முந்தின நாளே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, முதுகுக்கு ஒரு தலையணை வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். சென்னையிலிருந்து கோபிகிருஷ்ணனும் அவர் மனைவி சிவசங்கரியும் வந்திருந்தார்கள். செங்கல்வராயன் நண்பனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"மறக்க மாட்டேன்டா. நீ எழுதுனது மூணும் நடந்துச்சு. மேலிடத்துல கசியுதுன்னு எழுதுன பாரு, அங்கதான் நீ நிக்கற."

கோபிகிருஷ்ணன் முகம் மலர்ந்தது. "கரெக்ட் பண்ணிட்டாங்கடா. பாத்ரூமையே இடிச்சு, குழாய மாத்திட்டாங்க."

"எந்த பாத்ரூம்?"

"மேல் வீட்டுக்காரன் பாத்ரூம். எங்க பெட்ரூம் மேல ஒழுகினே இருந்துச்சு. எத்தன நாள் பொறுக்கறது? அதான் எழுதுனேன். எங்க ஃபிளாட் ஆளுங்கல்லாம் பாக்கட்டும்னுதான் தமிழ்ல எழுதுனேன்."

செங்கல்வராயன் மெதுவாகக் கேட்டார். "லாரி?"

"தண்ணி லாரிடா. அசோசியேஷன் காசுல வருது, செக்ரெட்டரி வீட்டுத் தொட்டிக்குப் போகுது. அவனத்தான் இறக்கிட்டு, மனோரமான்னு ஒரு மேடத்த செக்ரெட்டரி ஆக்குனோம். இனி அவள் வரட்டும்னு போட்டதும் மொத்த பில்டிங்கும் கை தட்டுச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "சும்மா சொல்லக் கூடாது. அந்த வரி உன் வீட்ல எழுதிக் குடுத்ததுதான். எனக்கு ஏதுடா அவ்ளோ தமிழு? தங்கச்சியும் சிவசங்கரியும் தெனம் போன்ல பேசிக்கறாங்களே. மொத நாளே சிவசங்கரி கசிவு மேட்டர் எல்லாம் சொல்லிட்டா. உனக்குச் சொல்லலையா?"

செங்கல்வராயன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். ஆபீஸ் வாசல்படியில் பிரமிளா நின்றிருந்தாள். கழுத்தில் மாலை. கஞ்சி போட்ட காட்டன் சேலை. பக்கத்தில் பொன்னியம்மாள் அதே துணியில் வேறு நிறம் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"பாத்ரூம் ஒழுகறது உனக்கு மொதல்லயே தெரியுமா?" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"தெரியும் மாமா."

"ஏன் சொல்லல?"

"பாத்ரூமப் பத்தி நீ கேக்கவே இல்லையே. அரசியலப் பத்திதான் கேட்ட."

"அர்த்தம் சொல்லுன்னு கேட்டனே."

"எழுதி இருந்தத படிச்சேன். ஆண்ட வரை போதும்னு இருந்துச்சு, போதும்னு சொன்னேன். நான் நிக்கறேன்னு ஒருவாட்டி கேட்டேன், நீ சிரிச்ச. அப்பறம் நீயே வந்து நில்லுன்ன, நின்னேன். எல்லாம் நீ சொல்லித்தானே மாமா?"

இதில் எந்த இடத்தில் பொய் இருக்கிறது என்று அவர் தேடினார். காலண்டர் மேல் தான் செய்த சத்தியம் மட்டும்தான் கண்ணில் பட்டது.

சரி, நடந்தது நடந்துவிட்டது, நாற்காலியாவது மிஞ்சும் என்று அவளோடு உள்ளே நுழையப் போனார். வாசலில் நின்றிருந்த பஞ்சாயத்துச் செயலாளர் பணிவாகக் கையை நீட்டி மறித்தார். "சார், மெம்பருங்க மட்டும்தான் உள்ள. வீட்டுக்காரங்க யாரும் வரக் கூடாதுன்னு மேடம் சொல்லிக்கிறாங்கோ."

உள்ளே கூட்டம் நடந்தது. முதல் தீர்மானம் மெயின் ரோட்டு விளக்கு. வார்டு மெம்பர் ஆகியிருந்த சந்திரம்மா கை தட்டும் சத்தம் வெளியே கேட்டது. செங்கல்வராயன் புது வேட்டி கசங்காமல் நின்றார். உட்கார நாற்காலி காலியாக இருந்தது, பிளாஸ்டிக்கில். அதில் உட்கார அவருக்கு மனம் வரவில்லை.

கூட்டம் முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது, பத்திரிகைக்காரர் ஒருவர் அவரைத் தேடிக்கொண்டு வந்தார். "சர்பஞ்ச் மேடம் ஹஸ்பெண்ட் நீங்கதானா சார்? ஒரு போட்டோ வேணும்."

செங்கல்வராயனுக்கு உயிர் திரும்பியது. சட்டைக் காலரை இழுத்துவிட்டார். தலையை வாரிக்கொண்டார். மாலையோடு நிற்கும் பெண்டாட்டியின் பக்கத்தில் எந்தப் பக்கம் நின்றால் நன்றாக இருக்கும் என்று யோசித்து, வலப்பக்கம் என்று தீர்மானித்தார். பத்திரிகைக்காரர் போனை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, தான் போய்ப் பிரமிளாவின் வலப்பக்கம் நின்றுகொண்டார்.

செங்கல்வராயன் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"சார்," என்றார் பத்திரிகைக்காரர், "உங்க நிழல் மேடம் மேல விழுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."